அரைப்பிடி அக்காவும் சாப்பிட மறுத்த சீமாட்டியும்

தவிட்டு வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுகிறார். அள்ளிய கையை வெளியே எடுத்து, விரல்களை லேசாக விரிக்கிறார். பாதித் தவிடு பொலபொலவென்று வாளிக்கே திரும்பிவிடுகிறது. மீதிதான் குதிரைக்கு. எதிரே, மரத்தடுப்பின் மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு, காதுகள் விடைக்க, மூக்கு விரிய நிற்கும் பூசணி முன்னங்காலால் தரையை ஓங்கி உதைக்கிறாள்.

"உதை, நல்லா உதை. லாயத்தையே பேத்துப் போட்டாலும் இதுக்கு மேல ஒரு பொட்டு கிடையாது."

அவருக்கு அரைப்பிடி அக்கா என்று பெயர். வைத்தது வேறு யாருமல்ல, கட்டிய கணவர்தான். லாடம் அடிப்பவர். வீட்டின் முன்பக்கம் அவருடைய பட்டறை, பின்பக்கம் அக்காவின் லாயம். "குதிரைக்கு மட்டுமா? என் தட்டுக்கும் அதே கைதான் வருது" என்பார், சம்மட்டியை இறக்காமலே. உள்ளேயிருந்து பதில் உடனே வரும்: "அதனாலதான் இந்த வயசுலயும் நிமிந்து நிக்கறீங்க!"

அக்கா வளர்ப்பது நாட்டு மட்டக்குதிரைகள். உயரம் நம் மார்பைத் தாண்டாது. குட்டைக் கால், அகன்ற முதுகு, கண்ணை மூடி விழும் நெற்றி மயிர். கல்லிலும் காற்றிலும் பிழைத்து வந்த இனம். பந்தயக் குதிரைக்குப் போடும் தீனியை இதற்குப் போட்டால் ஒரே பருவத்தில் பீப்பாய் ஆகிவிடும். "காத்தைத் தின்னே கொழுக்கிற ஜாதி தம்பி இது. எதிர்க்க நின்னு கொட்டாவி விட்டாக்கூட அதுல பாதியை முழுங்கிடும்" என்று பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த என்னிடம் அக்கா முதல் நாளே எச்சரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

லாயத்தில் அவர் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. காய்ந்த புல்லைத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார். சின்னக் கண்ணி போட்ட வலைப்பையில் திணிப்பார். அதையும் இன்னொரு வலைக்குள் போட்டுக் கட்டுவார். ஒவ்வொரு புல்லையும் நாக்கால் துழாவித்தான் இழுக்க வேண்டும். "பொழுது போகணும்ல அவளுகளுக்கு?" கொழுத்தவளுக்கு வைக்கும் புல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அதிலுள்ள சர்க்கரையை வடியவிடுவார். அந்தத் தண்ணீரின் நாற்றம் தெருமுனை வரை வீசும். பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்துவார்கள். அக்காவுக்கு அது ஏதோ அத்தர்.

அவரிடம் ஒரு விநோதமான பழக்கம் உண்டு. எதிரே வருகிறவர் யாராயிருந்தாலும் பேசிக்கொண்டே கையை நீட்டி விலாவைத் தடவிப் பார்த்துவிடுவார். "விலா எலும்பு கைக்குத் தெரியணும், கண்ணுக்குத் தெரியக் கூடாது" என்பது குதிரைக்கு அவர் வைத்திருக்கும் சட்டம். மனிதர்களுக்கும் அதையே நீட்டிவிட்டார். குதிரைகளைப் பார்க்க வரும் இளம் டாக்டரம்மாவை முதல் சந்திப்பிலேயே அமுக்கிப் பார்த்து, "உங்களுக்கு ஒரு பிடி கூடப் போடலாம்" என்று தீர்ப்புச் சொன்னாராம். என் விஷயத்தில் விரல்கள் வெகுநேரம் தேடின. எலும்பு அகப்படவில்லை. "தம்பிக்குப் புல்லை ஊறப்போட்டுத்தான் குடுக்கணும்" என்றார்.

சினைக் காலம் வந்துவிட்டால் அக்காவின் முகமே மாறிவிடும்! பேச்சில் ஒரு படபடப்பு, நடையில் ஓர் ஓட்டம். குட்டி வளர்வது பெரும்பாலும் கடைசி மாதங்களில்தான் என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதனால் அதுவரை இறுக்கிப் பிடிக்கும் கை அப்போதுதான் கொஞ்சம் தளரும். குதிரைமசால் தழை வரும். தாது உப்பு வரும். ஆனாலும் அளவு அளவுதான். "மாசமா இருக்கிறவளுக்கு ரெண்டாளு தீனி போடுன்னு ஊரே சொல்லுது. வயித்துல இருக்கறது குட்டி தம்பி, யானை இல்ல!"

இந்தக் கெடுபிடிக்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் ஆசை ஆசையாய் ஊட்டி வளர்த்த ஒரு குதிரைக்குக் கொழுப்பேறி, குளம்புக்குள் வீக்கம் கண்டு, நிற்க முடியாமல் போயிற்று. "நெருப்பு மேல நிக்கற மாதிரி நின்னா. ஒரு காலை மாத்தி ஒரு காலை வெப்பா, எதை வெச்சாலும் எரியும். ஊட்டுன கை இதுதான்" என்று வலது கையைக் காட்டிவிட்டு, உடனே அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அந்த வீட்டில் இந்தச் சட்டத்துக்கு ஒரே ஓர் எதிர்க்கட்சி. அக்காவின் நாத்தனார்.

கணவரை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவர். பட்டறையை ஒட்டிய அறையில் தையல் இயந்திரம் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறார். உருண்டை முகம், எதற்கெடுத்தாலும் "ஐயோ பாவம்". துணி வெட்டும் கத்தரிக்கோல் வைக்கும் பையில் அவர் வைத்திருந்தது கேரட். அக்கா திரும்புகிற நேரம் பார்த்து, ஆளுக்கு ஒன்றாய் நீட்டிவிடுவார். ஒருநாள் பூசணியின் உதட்டோரம் ஆரஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. போதாதா?

"இனிமே லாயத்துப் பக்கம் உன் நிழல்கூடப் படக் கூடாது!"

"சரி அண்ணி. என் நிழலை என் ரூம்லயே மடிச்சு வெச்சுக்கறேன்."

அன்றிலிருந்து நாத்தனார் சாப்பாட்டுத் தட்டோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணியிடம் பேச்சு இல்லை. நடுவில் மாட்டிய லாடக்காரர்தான் மத்தளம். இரண்டு பக்கமும் இடி. "அவகிட்ட சொல்லுங்க", "அண்ணிகிட்ட சொல்லிடுண்ணே" என்று செய்தி சுமந்து சுமந்து, "குதிரைக்கு லாடம் அடிக்கறேன், எனக்கு யாராவது அடிச்சுவிட்டா நடக்கச் சௌகரியமா இருக்கும்" என்றார் பாவம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் சீமாட்டி அடியெடுத்து வைத்தாள்.

பெரிய பங்களாவில் வளர்ந்தவள். அவள் மேல் சவாரி செய்த பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடு போய்விட, வளர்த்தவர்கள் அவளை அக்காவிடம் ஒப்படைத்தார்கள். வண்டியிலிருந்து இறங்கியபோதே நிறைமாதம். வயிறு தரையைத் தொட்டுவிடுமோ என்று இருந்தது. கழுத்தில் கொழுப்பு மடிப்பு மடிப்பாக. விலாவைத் தேடிய அக்காவின் விரல்கள் தோற்றுத் திரும்பின. "எலும்பு எங்கடி வெச்சிருக்க? பங்களாவுலயே விட்டுட்டு வந்துட்டியா?"

டாக்டரம்மா பார்த்தார். "அக்கா, குண்டாத்தான் இருக்கா, ஒத்துக்கறேன். ஆனா இந்த நேரத்துல சட்டுனு தீனியைக் குறைச்சுடாதீங்க. இருக்கறபடியே போகட்டும். குட்டி போட்டப்புறம் இளைக்க வெச்சுக்கலாம்" என்று தெளிவாகச் சொன்னார். அக்கா தலையாட்டினார். தலை கேட்டது. கை கேட்கவில்லை.

வழக்கமான அரைப்பிடி. வழக்கமான இரட்டை வலை. போதாததற்குப் பூசணியின் பங்கை இவள் எட்டிப் பறித்துவிடக் கூடாது என்று சீமாட்டியைச் சுற்றி ஆளுயரப் பலகை அடைத்தார். எந்தக் குதிரை எவ்வளவு தின்றது என்று கணக்காகத் தெரிய வேண்டுமே! பலகைக்கு மேல் சீமாட்டியின் காது நுனிகள் மட்டும் தெரிந்தன.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வைத்த புல் வைத்தபடி இருந்தது. அக்காவுக்கு அதில் ஒரு பெருமைகூட. "ரோஷக்காரி. பங்களா ருசி இன்னும் போகல. வயிறு காஞ்சா தானா வருவா" என்றார். வேறெந்த வீட்டிலும் குதிரை ஒரு வேளை சாப்பிடாவிட்டால் பதறுவார்கள். வாழ்நாளெல்லாம் "இன்னும் குடு, இன்னும் குடு" என்று உதைக்கும் குதிரைகளையே பார்த்துப் பழகிய அக்கா, வேண்டாம் என்று ஒரு குதிரை சொல்லும் என்பதை நம்பவே தயாராயில்லை.

மறுநாள் காலை நான் போனபோது சீமாட்டி மூலையில் தலையை முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள். அக்கா கூப்பிட்டார், காது அசையவில்லை. கண்ணில் ஒளி இல்லை. அக்காவின் கையிலிருந்த வாளி நழுவி உருண்டது.

"என்னங்க! டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க! ஓடுங்க!"

டாக்டரம்மா வந்து கழுத்திலிருந்து ரத்தம் எடுத்தார். கண்ணாடிக் குழாயில் ஜன்னலோரம் நிறுத்திவைத்தார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு கீழே இறங்கியது. மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டிய இடத்தில், பாலில் தண்ணீர் கலந்தது போல் ஏதோ வெளுத்து நின்றது.

"இது என்ன டாக்டரம்மா, வெள்ளையா?"

"கொழுப்பு, அக்கா. வெளியிலிருந்து சாப்பாடு வரலைன்னதும் உடம்பு தன் கொழுப்பையே கரைச்சு ரத்தத்துல விடுது. நிறைமாசம் வேற. இப்படியே போனா ஈரல் தாங்காது." குரலைத் தாழ்த்தினார். "தாயும் போகும், குட்டியும் போகும்."

"நான் குறைச்சதாலயா?"

டாக்டரம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பையிலிருந்து நீளமான ரப்பர் குழாயை எடுத்தார்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சத்து நீர் இறக்கினார் டாக்டரம்மா. "இது உயிரைப் பிடிச்சு நிறுத்தத்தான். அவளா வாயைத் திறந்து ஒரு வாய் திங்கணும். என்ன வேணா குடுங்க. எவ்வளவு வேணா குடுங்க."

எவ்வளவு வேண்டுமானாலும்! அக்காவின் காதில் இதுவரை விழுந்தேயிராத வார்த்தை. அடுத்து நான் கண்ட காட்சியை என்னவென்று சொல்வேன்! ஆப்பிள் நறுக்கி நீட்டினார். வெதுவெதுப்பாகத் தவிடு குழைத்து நீட்டினார். குதிரைமசாலை ஒவ்வொரு இலையாகக் கிள்ளி உதட்டில் வைத்தார். எல்லாம் கீழே விழுந்தன. "ஒரே ஒரு வாய்டி. என் கண்ணு இல்ல? நான் பாவிதான். என் மேல கோவம்னா என்னைக் கடிச்சுத் தின்னு. ஆனா தின்னுடி!" அந்தப் பழைய குதிரை நிற்க முடியாமல் போன நாள் முதல் "போதும்" என்றே சொல்லி வந்த வாய், இப்போது "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று கெஞ்சியது. சீமாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார், பின்னாலேயே நானும். தையல் அறைக் கதவை உள்ளங்கையால் தட்டித் திறந்தார்.

நாத்தனார் மடியில் தட்டு. தட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஊசி இறங்கிய நிலையில் இயந்திரம்.

"என்ன அண்ணி, நிழலைத் தேடிட்டு வந்தீங்களா?"

"நக்கலை அப்புறம் வெச்சுக்க. அவ சாப்பிட மாட்டேங்கறா. செத்துருவான்னு சொல்றாங்க." குரல் உடைந்தது. "நீ குடுத்தா திம்பாளான்னு..."

நாத்தனார் தட்டைக் கையில் பிடித்தபடியே லாயத்துக்கு ஓடி வந்தார். அக்கா கேரட்டை எடுத்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. நாலு பக்கமும் நிமிர்ந்து நின்ற பலகைகளையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நான் குடுத்தாலும் திங்க மாட்டா அண்ணி."

"ஏன்?"

"இப்படிப் பெட்டியில போட்டு மூடினா, யாரு மூஞ்சியப் பாத்துத் திம்பா? பங்களாவுலயாவது பக்கத்துல பிள்ளைங்க நின்னுருக்கும். தனியா உக்காந்து தின்னா தொண்டையில இறங்குமான்னு என்னைக் கேளுங்க அண்ணி, நான் சொல்றேன்."

அக்காவின் பார்வை நாத்தனாரின் கையிலிருந்த தட்டுக்கு இறங்கியது. ஆறி, ஓரம் காய்ந்துபோயிருந்த சாப்பாடு.

டாக்டரம்மாதான் முதலில் பேசினார். "அவங்க சொல்றது சரிதான். கூட்டத்தோட மேயற பிராணி. எனக்கு இந்தப் பலகையைப் பாத்ததுமே தோணியிருக்கணும். எடுத்துடுங்க."

சொல்லி முடிக்குமுன் லாடக்காரர் ஆணி பிடுங்கும் குறடோடு உள்ளே நின்றார். கிரீச், கிரீச் என்று ஆணிகள் கழன்றன. ஒவ்வொரு பலகையாக விழுந்தது. கடைசிப் பலகை சாயுமுன்பே பூசணி தன் பெரிய தலையைச் சந்துக்குள் நுழைத்துவிட்டாள்.

இருவருக்கும் நடுவில் காய்ந்த புல்லையும் குதிரைமசாலையும் மலைபோல் குவிக்கச் சொன்னார் டாக்டரம்மா. வலை இல்லை, தராசு இல்லை. பூசணிக்கு நம்பிக்கையே வரவில்லை! குவியலைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி குவியலைப் பார்த்தாள். பிறகு பாய்ந்தாள். வாய் கொள்ளாமல் அள்ளி, கண்ணை மூடி, மொறுக் மொறுக்கென்று அரைத்தாள். அந்தச் சத்தம் தகரக் கூரையில் எதிரொலித்தது. அவள் தின்னத் தின்ன அக்காவின் விரல்கள் தம்மையறியாமல் துடித்ததையும், அக்கா அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

சீமாட்டியின் ஒரு காது திரும்பியது.

"ஷ்ஷ்! யாரும் மூச்சு விடாதீங்க" என்றார் அக்கா.

மறு காதும் திரும்பியது. மூலையிலிருந்து தலை விலகியது. ஓர் அடி. இன்னோர் அடி. பூசணியின் வாயோரம் ஒரு தழைத் தண்டு நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய குவியல் காலடியில் கிடக்க, சீமாட்டி கழுத்தை நீட்டினாள். பூசணியின் வாயிலிருந்தே அந்தத் தண்டைக் கவ்வி, வெடுக்கென்று இழுத்தாள். மென்றாள். விழுங்கினாள்!

டாக்டரம்மா கைதட்டிவிட்டார். லாடக்காரர் குறடை உயர்த்தி "அடி சக்கை!" என்று கூவினார். பூசணி ஆத்திரத்தோடு காதை மடக்கினாள். "கோவிச்சுக்காதடி மகராசி, நீ ஒரு வண்டி தின்னு, இன்னைக்கு யாரு கேக்கப் போறா?" என்று அக்கா அழுதுகொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

அன்று மாலை நாத்தனாரின் அறை வாசலில் நின்று, "சாப்பாடு ஆறுது! உள்ள யாராவது இருக்கீங்களா, இல்ல நிழல் மட்டும்தானா?" என்று அக்கா அதட்டியது பட்டறை வரை கேட்டது. மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டில் யாருக்கும் சொல்ல வராது. சமையலறை மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன.

நாளாக நாளாக ரத்தம் தெளிந்தது. சீமாட்டியின் கண்ணில் பழைய பங்களாத் திமிர் திரும்பியது. ஆனால் டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார். "குட்டி உயிரோட இருக்கு. பட்டினி கிடந்த உடம்பு, பால் இறங்குமான்னு என்னால சொல்ல முடியல. முதல் சீம்பால் குட்டிக்குக் கிடைச்சே ஆகணும்." அக்கா குனிந்து குனிந்து மடியைப் பார்ப்பார். குட்டி போடும் நாள் நெருங்கினால் மடி பெருத்து, காம்பு நுனியில் மெழுகு போல் துளிர்க்க வேண்டும். ஒன்றும் இல்லை. சுருங்கிய பையாகவே இருந்தது. "வாடி, இறங்கி வா" என்று மடியோடு பேசிக்கொண்டிருப்பார். நாத்தனார் பக்கத்தில் நின்று பூசணிக்கு உரிய அளவு புல்லைத் தராசில் நிறுத்துக்கொண்டிருப்பார். அந்த வேலை இப்போது அவருடையது.

ஒரு விடிகாலை லாடக்காரர் என் வீட்டுக் கதவை இடித்தார். ஒரு காலில் அவர் செருப்பு, மறு காலில் மனைவியின் செருப்பு. "வந்துருச்சு! வாங்க, வாங்க!"

ஓடினோம். பொழுது பளபளவென்று புலர்ந்துகொண்டிருந்தது. வைக்கோல் மேல், நனைந்த மரப்பட்டை நிறத்தில், உடம்பை விடக் கால்களே அதிகமாக ஓர் உயிர்! சீமாட்டி அதை நக்கி நக்கி உலர்த்திக்கொண்டிருந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பூசணி ஊருக்கே செய்தி சொல்வது போல் கனைத்தாள். டாக்டரம்மா வண்டியில் வந்துகொண்டிருப்பதாகச் செய்தி.

குட்டி எழுந்தது. விழுந்தது. மீண்டும் எழுந்தது. நான்கு கால்களும் நான்கு திசைக்கு வழுக்க, மூக்கு குத்தி விழுந்தது. "ஐயோ பாவம், பிடிண்ணே!" என்று நாத்தனார் துடித்தார். "தொடாதே. அதுவா நிக்கட்டும்" என்றார் அக்கா. அவர் குரலே அவருக்குக் கேட்டிருக்காது. கடைசியில் நின்றுவிட்டது! நடுங்கிக்கொண்டு நின்றது. பாலைத் தேடி அம்மாவின் முன்னங்காலை முட்டியது. சுவரை முட்டியது. லாடக்காரரின் முழங்காலைச் சப்பிப் பார்த்தது. "என்கிட்ட ஒண்ணும் இல்லடா ராசா" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை.

எல்லோருடைய கண்ணும் அந்தச் சுருங்கிய மடி மேல்தான்.

சீமாட்டி பின்னங்காலைச் சற்று நகர்த்தி வழிவிட்டாள். குட்டி தலையை நுழைத்தது. தவறியது. மறுபடி நுழைத்தது. பற்றிக்கொண்டது. இழுத்தது. ஒன்றும் வரவில்லை போலிருந்தது. தலையால் ஒரு முட்டு முட்டி மறுபடி இழுத்தது. நாத்தனார் அண்ணியின் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். குட்டியின் கடைவாயில் ஏதோ பளிச்சிட்டது. கெட்டியாக, மஞ்சளாக, ஒரு சொட்டு. அது வழிந்து மோவாயில் தொங்கி வைக்கோலில் விழுந்தது. அதன் பின்னாலேயே சளப், சளப் என்ற சத்தம்.

அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் அழவில்லை, கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. வாயைக் குவித்துக்கொண்டு, இமைக்காமல் நின்றிருந்தார். குட்டி ஒவ்வொரு மடக்கு விழுங்கும்போதும் அவருடைய வெறும் தொண்டையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.